நகச்சாயப் புள்ளியும் 555 புத்தகமும்

எங்கள் தோட்ட ஆபீசில் ஒவ்வொரு டிராக்டருக்கும் ஒரு புத்தகம் உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றியது, எந்த பில்டர், யார் மாட்டியது என்று எல்லாம் அதில் இருக்கும். இருபத்தாறு வருடமாக அந்தப் புத்தகங்களை எழுதுகிற கிராணி நான். என் சொந்தக் காடிக்கு மட்டும் 2016 வரை ஒரு வரி எழுதி வைத்ததில்லை. அந்த வருடம் 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துப் புத்தி வாங்கினேன்.

காடி 2009ஆம் ஆண்டு பெரோடுவா மைவி கார், 1.3 ஆட்டோ. இன்னொருவர் ஓட்டியதை 2013இல் வாங்கினேன். வீடு தோட்டத்துக்குள்ளேயே. சுங்கை சிப்புட் டவுனுக்குப் பதினொரு கிலோமீட்டர். அதில் முதல் நான்கு செம்மண் ரோடு. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகள் உழுது போட்ட ரோடு என்பதால் ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். ஒருநாள் முன்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் கேட்டது. டவுனில் ஒரு பட்டறையில் விட்டேன். முன்பக்க அப்சாபர் (குழியின் அதிர்ச்சியைத் தாங்கும் தண்டு) இரண்டும் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். சரி என்றேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கன்னங்கரேலென்று புதுசு போல இரண்டு அப்சாபர். பணம் கொடுத்து எடுத்து வந்தேன்.

மூன்று வாரத்தில் அதே சத்தம். தோட்டத்து ஒர்க்‌ஷாப் பிட்டர் அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்தார். கறுப்பெல்லாம் துணியோடு வந்துவிட்டது. அடியில் துருவும், எண்ணெய் கசிந்த பழைய தடமும். “தங்கச்சி, மாத்தவே இல்ல. சாயம் அடிச்சிருக்கான்” என்றார்.

சண்டை போடப் போனேன். கையில் இருந்த ரெசிட்டில் ‘ரிப்பேர் 380’ என்று மட்டும் இருந்தது. என்ன சாமான், எத்தனை, எந்த பிராண்டு, கூலி எவ்வளவு, ஒன்றுமில்லை. மாற்றினோம் என்று சாதித்தார்கள். பழைய சாமான் எங்கே என்று கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம். ஆபீசில் இரண்டு வெள்ளி போல்ட்டுக்குக்கூட மூன்று கையெழுத்து கேட்கிற நான், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கே ஒரு 555 புத்தகம் வாங்கினேன். மளிகைக்கடைக் கடனை எழுதி வைக்கிற அதே சின்னப் புத்தகம்தான். காடியின் டேஷ்போர்டுக்குள், பேனாவோடு கிடக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம்: தேதி, மைலேஜ், செய்த வேலை, சாமானின் பிராண்டு, சாமான் விலை தனியாக, கூலி தனியாக, பட்டறை, அடுத்து எப்போது. ரெசிட்டை அந்தப் பக்கத்திலேயே கிளிப் போட்டு வைக்கிறேன். ரெசிட் மை நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்தில் மறைந்துவிடும் என்பதால் கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்வேன்.

இந்தப் புத்தகம் ஞாபகத்துக்காக மட்டுமில்லை. “ஆச்சி, பிளக் மாத்தணும்” என்று ஒரு பட்டறையில் சொன்னபோது, புத்தகத்தைப் பிரித்து ஆறாயிரம் கிலோமீட்டருக்கு முன்தான் மாற்றியது என்று காட்டினேன். சாதாரண பிளக்கே இருபதாயிரம் ஓடும். அந்த ஆள் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், “அப்போ வேணாம்” என்றார். வாக்குவாதம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. பசியாறுவதற்கு முன் பத்து நிமிடம். காடி ராத்திரி முழுக்க நின்றிருக்கும், எஞ்சின் ஆறியிருக்கும், எண்ணெயெல்லாம் கீழே இறங்கியிருக்கும். அதனால் அந்த நேரம். சமதளத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். எண்ணெய்க் கம்பியை இழுத்து, துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கு நடுவில் இருந்தால் போதும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தப்புதான். கறுப்பாக இருப்பது பயப்பட வேண்டியதில்லை. மலாயில் மிஞ்ஞா ஈத்தாம், கறுப்பு எண்ணெய், என்று பெயரே அதற்குத்தான். தேத்தாரே போல வெளிறிப் பாலாகத் தெரிந்தால்தான் ஆபத்து. தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

காடிக்கு அடியில் ராத்திரியே பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு வைத்தால் காலையில் அது கதை சொல்லும். சுத்தமான தண்ணீர்ச் சொட்டு என்றால் ஏர்கோன் தண்ணீர், விட்டுவிடலாம். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் எஞ்சின் எண்ணெய். என் மைவியின் ஸ்டியரிங் மின்சாரத்தில் ஓடுவது. எனவே சிவப்புச் சொட்டு என்றால் அது கியர் எண்ணெய். பச்சையோ இளஞ்சிவப்போ, லேசாக இனிப்பு வாசம் அடித்தால் கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் நீர்.

கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் ஏற்கெனவே உள்ள அதே வகையை ஊற்றுங்கள். பைப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ரேடியேட்டரைத் துருப்பிடிக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கிற கொதிநீர் முகத்துக்கு நேராக வரும். சூடு விளக்கு சிவப்பாக எரிந்தால் ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது சும்மா நில்லுங்கள். டவுன் பக்கம்தானே, போய்விடலாம் என்று அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டரை ஓட்டியவர்கள்தான் சிலிண்டர் ஹெட் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்கள்.

டயர் காற்றுக்கு அளவு, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. நம் பெட்ரோல் நிலையத்துக் காற்று மெஷினும் பெரும்பாலும் கிலோபாஸ்கலில்தான் (kPa) காட்டும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு, எனக்கு அது முடியாது என்பதால், மேலும் சூடாவதற்குள் நான் டவுனில் நுழைந்ததும் இருக்கிற முதல் நிலையத்திலேயே பார்த்துவிடுவேன். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு எண் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. புது டயர் என்று சொல்லி நான்கு வருடம் கிடங்கில் தூங்கியதைத் தள்ளிவிடுவது உண்டு. டயரின் பட்டன் (மேல்வரிப் பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழை ரோட்டில் அதற்கு முன்பே வழுக்க ஆரம்பித்துவிடும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. செம்பனை மட்டையின் முள். ரோட்டோரம் வெட்டிப் போட்ட மட்டையின் மேல் ஏறினால், முள் டயருக்குள் ஒடிந்து நின்று, இரண்டு நாள் கழித்துத்தான் காற்று இறங்கும். ஒட்டுப் போடுகிறவரிடம் ஆணி தேடாமல் முள்ளைத் தேடச் சொல்லுங்கள். கறுப்பு ரப்பரில் கறுப்பு முள் கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் தெரியும். பழைய பால்மரக்காட்டு நாட்களில் இந்தத் தொல்லை இல்லை என்று அப்பா சொல்வார். அவர் டிராக்டர் ஓட்டியவர்.

இனி எண்ணெய் மாற்றுவது. பட்டறை ஸ்டிக்கரில் பத்தாயிரம் என்று எழுதித் தருவார்கள். நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் ஓடுகிற காடிக்கு அது சரியாக இருக்கலாம். தூசியில், இரண்டாவது கியரில், எஞ்சின் முழுசாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுகிற ஓட்டத்துக்குச் சரிப்படாது. சின்னச் சின்ன ஓட்டத்தில் உள்ளே சேரும் ஈரம் ஆவியாகப் போக நேரமே கிடைப்பதில்லை. எங்கள் டிராக்டருக்கெல்லாம் 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிறோம், கிலோமீட்டர் பார்ப்பதே இல்லை, காரணம் இதுதான். நான் செமி சிந்தெட்டிக் ஊற்றி 7,000இல் மாற்றுகிறேன், அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. மினரல் என்றால் 5,000. எண்ணெய் பில்டரை ஒவ்வொரு முறையும் மாற்றிவிட வேண்டும். அதில் மிச்சம் பிடிப்பது பத்துப் பதினைந்து வெள்ளி, அழுக்கோ அப்படியே புது எண்ணெயில் கலக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. என் எஞ்சினுக்கு மூன்று லிட்டர் சொச்சம்தான் வேண்டும். கடையில் பிரிப்பது நான்கு லிட்டர் போத்தல். முழுப் போத்தலுக்குப் பணம் கொடுத்தது நான், மீதியும் எனக்குத்தான். ரொம்ப வருடம் அதைக் கேட்காமல் வந்திருக்கிறேன். இப்போது கேட்டு வாங்கி, காடியின் பின்பக்க சாமான் பூட்டில் வைக்கிறேன், இடையில் குறைந்தால் ஊற்றிக்கொள்ள. கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காதவர்களின் மீதி எங்கே போகிறது என்று நான் விசாரிக்கவில்லை.

ஏர் பில்டரை நீங்களே பார்க்கலாம். இரண்டு மூன்று கிளிப்பைத் தூக்கினால் பெட்டி திறந்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி தெரியவில்லை என்றால் மாற்றும் நேரம். இருபதாயிரம் ஓடும் என்பார்கள். செம்மண் ரோட்டில் பத்தாயிரமே அதிகம். பிரேக் பேட் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் கிறீச் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பேட்டரி நம் சூட்டில் இரண்டு வருடம் தாண்டினால் சந்தோஷப்படுங்கள். சிகரெட் லைட்டரில் செருகுகிற வோல்ட் மீட்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. காடி ஸ்டார்ட் ஆகாமல் தொல்லை கொடுத்தால் பாருங்கள்: எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டயனமோ சரியாக இருக்கிறது, குறை பெரும்பாலும் பேட்டரியில்தான். பேட்டரி மாற்றும்போது பழையதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு.

புரோட்டோன் சாகா, வீரா வைத்திருப்பவர்கள் எஞ்சின் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை மறக்கக்கூடாது. மைவிக்குச் சங்கிலி, அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை. அண்ணனின் வீராவில் அந்த பெல்ட் தைப்பூசத்துக்குப் போகும் வழியில் அறுந்து, வால்வு வளைந்து, குடும்பமே பஸ் ஏறிப் போனது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. வாங்கும்போதே தெரியவில்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுவதுதான் மலிவு. பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் கழற்றும் கூலி ஒன்றுதான். சாகா எப்எல்எக்ஸ் சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர்) வைத்திருப்பவர்கள், கியர் எண்ணெய் மாற்றும்போது சிவிடி எண்ணெய்தானா என்று போத்தலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சாதாரண ஆட்டோ எண்ணெய் ஊற்றினால் அந்தப் பெட்டி தாங்காது.

ஏர்கோனில் வருடா வருடம் கேஸ் அடிக்கச் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: போன வருடம் அடித்தது எங்கே போனது? கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீருவதில்லை. குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்புகிற பட்டறைக்கு நீங்கள் வருடாந்திரச் சந்தா கட்டுகிறீர்கள்.

பட்டறைக்காரர்கள் எல்லாரையும் திருடர் ஆக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2018இல், வேறொரு பட்டறையின் தவுக்கே (முதலாளி), எண்ணெய் மாற்றும்போது கூப்பிட்டுக் காட்டினார். சக்கரத்தைச் சுற்ற வைக்கும் டிரைவ் ஷாப்ட்டின் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தது. உறையும் கூலியும் சேர்த்து எண்பது வெள்ளி என்றார். நான் 380 வெள்ளிச் சூடு கண்ட பூனை. பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து மாதத்தில், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டக்டக்டக் என்று சத்தம். செம்மண் உள்ளே போய் ஷாப்ட்டின் ஜாயிண்டையே அரைத்துவிட்டது. ஷாப்ட் மாற்ற 290 வெள்ளி. புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் ‘என் தப்பு’ என்று எழுதியிருக்கிறேன். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பழுதைக் கண்ணால் காட்டுகிறவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. இப்போதும் அவரிடம்தான் போகிறேன்.

அவரிடம் போனாலும் முறை முறைதான். காடியை விடும்போது என்ன கோளாறு என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. “அப்சாபர் மாத்துங்க” என்றால் அப்சாபர்தான் மாறும், சத்தம் போகாது. எப்போது சத்தம் வருகிறது, காலையிலா சூடானபிறகா, பிரேக் மிதித்தாலா திருப்பினாலா, எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்வேன். முடிந்தால் கூடவே உட்கார வைத்து ஓட்டிக் காட்டுவேன். பார்த்துவிட்டு விலையை வாட்சப்பில் அனுப்பச் சொல்வேன், சாமான் இவ்வளவு கூலி இவ்வளவு என்று பிரித்து. அப்புறம் இரண்டு மலாய் வாக்கியம். டவுனில் எந்தப் பட்டறையிலும், தவுக்கே யாராக இருந்தாலும் புரியும். கழற்றிய பின் வேறு ஏதாவது தெரிந்தால்: “ஜாங்கான் புவாட் டுலு, கோல் சாயா.” செய்யாதீர்கள், முதலில் என்னைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: “பாராங் லாமா சாயா மாவ்.” பழைய சாமான் எனக்கு வேண்டும். இதை வேலை தொடங்கும் முன் சொல்ல வேண்டும். முடிந்தபிறகு சொன்னால், எந்தக் காடியின் பழைய சாமானோ உங்கள் கைக்கு வரும்.

அதற்குத்தான் நகச்சாயம். மகள் படிக்கப் போனபோது விட்டுப்போன கத்தரிப்பூ நிறக் குப்பி. பட்டறைக்கு விடும் முன் ராத்திரி, மாற்றப்போகிற சாமானில் ஓரமாக ஒரு புள்ளி. அப்சாபர் உடம்பில், பில்டர் விளிம்பில், பேட்டரியின் பக்கவாட்டில். பிரேக் பேட்டும் டிஸ்க்கும் உராய்கிற முகத்தில் மட்டும் எதையும் பூசாதீர்கள். திரும்பி வரும்போது புள்ளி பழைய சாமானில் என் கையில் இருக்க வேண்டும், காடியில் இருக்கக்கூடாது. யாரிடமும் சொல்வதில்லை.

சாமான் வகையில் நான் எங்கே காசு பார்ப்பேன், எங்கே பார்க்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேக், ஸ்டியரிங் மூட்டு, பெல்ட் இவற்றுக்கு ஒரிஜினல்தான். அப்சாபர், ரப்பர் புஷ், பில்டருக்கு, பாகம் செய்யும் பெயருள்ள கம்பெனியே தன் பெட்டியில் விற்கும் ஓஇஎம் போதும். கதவுக் கண்ணாடி, பம்பர், கைப்பிடி இதெல்லாம் ஈப்போ பக்கம் பொத்தோங் கடையில், ஓடி முடித்த காடியிலிருந்து கழற்றியதே நன்றாக இருக்கும். ஒரிஜினல் என்று பணம் கொடுத்தால் பெட்டியைக் கேளுங்கள். பெட்டியும் சாமானும் ஒரே எண்ணா என்று பாருங்கள். பழைய ஒரிஜினல் பெட்டிக்குள் புது சைனா சாமான் குடியிருப்பது எனக்குத் தெரியும், தோட்ட ஸ்டோரிலேயே பார்த்திருக்கிறேன்.

நேரமும் முக்கியம். சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், எல்லோரும் அப்போதுதான் வருவார்கள். சீனப் பெருநாளுக்கு முன்பே சர்வீஸ் முடித்துவிடுங்கள். அந்த வாரம் பட்டறை திறந்திருந்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடியிருக்கும். நான் செவ்வாய்க்கிழமை காலை, அரை நாள் லீவு போட்டுப் போகிறேன்.

மீறி ஏமாற்றப்பட்டால், 380 வெள்ளிக்கு யார் கோர்ட்டுக்கு அலைவது என்றுதான் நானும் இருந்தேன். பயனீட்டாளர் திரிபுனல் (தீர்ப்பாயம்) என்று ஒன்று இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மனு போட ஐந்து வெள்ளி. வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும், எதிராளியும் அப்படித்தான். ஐம்பதாயிரம் வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள். ஆனால் அங்கேயும் கேட்பது காகிதம்தான். விலை அனுப்பிய வாட்சப், சாமான் பெயர் எழுதிய ரெசிட், படம், பழைய சாமான். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தாலும், ‘ரிப்பேர் 380’ என்ற ஒற்றை வரியை வைத்து என்ன பேசியிருப்பேன்?

போன மாதம் பின்பக்க அப்சாபர் மாற்றினேன். அந்தத் தவுக்கே பழைய இரண்டையும் பழைய நாளிதழில் சுற்றிக் காடியின் பின்பக்க பூட்டில் வைத்திருந்தார். பணம் கொடுக்கும்போது நாளிதழை விலக்கி, கத்தரிப்பூப் புள்ளியை விரலால் தட்டிக் காட்டினார். எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அரைகுறைத் தமிழில், “ஆச்சி, இது தின்னர் போட்டா போயிடும்லா. ஆணி வச்சு கீறு” என்றார்.